முதல் ஐந்து நிமிடத் தண்ணீர்

வீட்டில் குடிதண்ணீர் ஃபில்டர் இருக்கும்போது கடல்மீன் தொட்டிக்கென்று தனியாக ஆர்ஓ-டிஐ (கரைந்த உப்பை மெம்பிரேன் என்ற நுண்சவ்வாலும், மிச்சத்தை ரெசின் என்ற சிறு மணிகளாலும் பிடிக்கும் கருவி) வாங்கத்தான் வேண்டுமா என்று நண்பர் கேட்டார். போன வாரம்தான் மூன்றாவது முறையாக ரெசின் மாற்றினேன், அந்தக் கடுப்பு இன்னும் அடங்கவில்லை, அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

வேண்டும். குடிதண்ணீர் ஃபில்டர் பலவற்றில் கடைசியில் தாது உப்பைத் திரும்பச் சேர்க்கிறார்கள். குடிக்க அது சரி, தொட்டிக்கு ஆகாது. மெம்பிரேனைத் தாண்டி வரும் கொஞ்ச சிலிகேட்டைப் பிடிக்கும் டிஐ ரெசினும் அதில் இருக்காது.

என் தொட்டி 200 லிட்டர். இரண்டு வருடம் குழாய்த் தண்ணீரில்தான் ஓட்டினேன், குளோரினை மட்டும் நீக்கிவிட்டு. மீன்கள் நன்றாகவே இருந்தன, அதை மறைக்க மாட்டேன். ஆனால் நாளுக்கு 3 லிட்டர் ஆவியாகும். போவது வெறும் தண்ணீர், அதை ஈடுகட்ட ஊற்றுவதில் இருக்கும் பாஸ்பேட்டும் சிலிகேட்டும் உள்ளேயே தங்கிவிடும். அவற்றைத் தின்று வளரும் பாசியால் மணல் முழுக்கப் பழுப்புப் படலம், ஒருநாள் விட்டு ஒருநாள் கண்ணாடி துடைக்க வேண்டும்.

ஆர்ஓ-டிஐ தண்ணீருக்கு மாற்றியதும் உடனே எதுவும் நடந்துவிடவில்லை. பாறைகள் இழுத்து வைத்திருந்த பாஸ்பேட் கசிந்துகொண்டே இருந்தது, மூன்றாவது மாதத்தில்தான் மணல் வெளுத்தது. இப்போது பத்து நாளுக்கு ஒருமுறை துடைத்தால் போதும், காலையில் விளக்கு எரிந்ததும் அந்த வெள்ளை மணலைப் பார்ப்பதில் இருக்கும் சந்தோஷம் இன்னும் குறையவில்லை. நடுவில் கேஹெச் (தண்ணீரின் காரத்தன்மை அளவு) 8.5-லிருந்து 6.8-க்கு இறங்கியது. கடினமான குழாய்த் தண்ணீர் அதுவரை தினமும் கொஞ்சம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது, இனி நாம்தான் அளந்து சேர்க்க வேண்டும்.

சரி, கடுப்புக்கு வருகிறேன். முதல் ரெசின் நான்கே மாதத்தில் முடிந்தது, இரண்டாவதும் அப்படியே. அதுவும் மீட்டர் சொல்லித் தெரியவில்லை. டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) 1 என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே மணலில் பழுப்பு திரும்ப வந்தது, ஏனென்றால் ரெசின் தளர்ந்தால் முதலில் நழுவுவது சிலிகேட், அதை டிடிஎஸ் மீட்டர் கிட்டத்தட்டப் பார்ப்பதே இல்லை. ரெசின் போலி என்று நினைத்தேன். ஒருநாள் மெம்பிரேனுக்கும் ரெசினுக்கும் நடுவில் மீட்டரை வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது 9 காட்டும் தண்ணீர், திறந்த உடனே 90 காட்டியது. மெம்பிரேன் சும்மா நிற்கும்போது இந்தப் பக்க உப்பு அந்தப் பக்கம் மெல்லக் கலந்துவிடுகிறது, பழைய நிலைக்கு வர ஐந்து நிமிடம் ஆகிறது.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? தினமும் 3 லிட்டருக்காக 15 நிமிடம் திறந்து மூடினேன். அதில் மூன்றில் ஒரு பங்கு இந்த அழுக்குத் தண்ணீர், அத்தனையும் நேராக ரெசினுக்குள்! ரெசினுக்கு முன்னால் ஒரு மூவழி வால்வு போட்டு, முதல் ஐந்து நிமிடத்தை வாளியில் விட்டு, வாரத்துக்கு ஒரே தடவை 40 லிட்டர் பிடித்து வைக்க ஆரம்பித்தேன். மூன்றாவது ரெசின் பத்து மாதம் ஓடியது. அந்தச் சின்ன வால்வைக் கருவி செய்பவர்களே பொருத்தித் தந்திருக்கலாம். அது முடியாவிட்டால் கையேட்டில் ஒரு வரியாவது எழுதியிருக்கலாம், போன வாரம் பிரித்த புது ரெசின் பெட்டியிலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ரெசின் சீக்கிரம் தீர்ந்தால் விற்பவருக்கு நஷ்டமில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு உறுத்தல் கழிவுநீர். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு நான்கு லிட்டர் வெளியே போகிறது. தரை துடைக்கவும் துணி அலசவும் வைத்துக்கொள்கிறேன், எல்லாவற்றையும் பயன்படுத்த முடிவதில்லை.

இந்தத் தண்ணீரை விட்டுக் குழாய்க்குத் திரும்பவே மாட்டேன். ஆனால் என்னிடம் இருக்கும் இதே மாடலை வாங்கலாமா என்று கேட்டால், வாங்காதீர்கள். முதல் தண்ணீரை ரெசினுக்குப் போகாமல் வெளியே விடும் வால்வும், ரெசினுக்கு முன்னும் பின்னும் மீட்டரும் சேர்ந்தே வரும் ஒன்றைத் தேடுங்கள். அப்புறம் முதல் நாளே ரெசினைக் கழற்றி வைத்துவிட்டு, மெம்பிரேன் தண்ணீரின் டிடிஎஸ் எத்தனை நிமிடத்தில் இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.