செயற்கைப் பாறை கேட்டால் கடல் பாறை வருகிறது: மலையில் மெரைன் டேங்க் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி என்று சுற்றினாலும் மெரைன் டேங்க், அதாவது கடல் மீன் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி, வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். பாறை, உப்பு, மீன் எல்லாம் கீழேயிருந்து ஏறி வர வேண்டும். அந்தக் கொஞ்சம் பேரிலும் என்னிடமும் கோத்தகிரி நண்பர் ஒருவரிடமும் ஒரே ஆள் ஒரே வித்தையைக் காட்டியிருக்கிறார். புகார் நிலுவையில் இருப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை. வித்தையை மட்டும் சொல்கிறேன்.

நான் கேட்டது செயற்கைப் பாறை. சிமெண்டிலோ பீங்கானிலோ செய்து, தொட்டித் தண்ணீரைச் சுத்தமாக வைக்கும் பாக்டீரியாவைப் பிடிக்கவைத்து விற்பார்களே, அது. "கடலில் எடுத்தது வேண்டாம், மேன்மேட் மட்டும்" என்று வாட்ஸ்அப்பில் எழுதியே கேட்டேன். "அதேதானுங்ணா. க்யூர் பண்ணி ரெடியா இருக்கு, நேரா டேங்க்ல எறக்கிக்கலாம்" என்றார். முழுப் பணமும் ஜிபேயில் போனது. பில் பார்சலோடு வரும் என்றார். வரவே இல்லை.

பஸ்ஸில் வந்த தெர்மாகோல் பெட்டியைத் திறந்ததும் அழுகல் நாற்றம். முறையாக க்யூர் ஆன, அதாவது அழுகுவதெல்லாம் அழுகித் தீரும்வரை தனித் தண்ணீரில் வைத்திருந்த பாறையில் லேசான கடல் வாசம்தான் இருக்கும். நாறுகிறது என்றால் மேலே ஒட்டியிருந்த ஸ்பாஞ்சும் மற்றதும் வழியிலேயே செத்து அழுகுகின்றன என்று பொருள். ஒரு துண்டு உடைந்திருந்தது. உடைந்த பக்கம் முழுக்க நட்சத்திர வடிவில் நுண்ணிய குழிகள். சிமெண்டில் அப்படி வராது, அது பவளத்தின் எலும்புக்கூடு.

இது வெறும் தரப் பிரச்சினை இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடினப் பவளங்கள் எல்லாமே 2001 முதல் இருக்கின்றன. புலிக்கும் அதே அட்டவணைதான். செத்த பவளம்தானே என்று தப்பிக்க முடியாது. பணத்தையும் வாங்கிக்கொண்டு வழக்கையும் நம் வீட்டுக்கே டெலிவரி செய்கிறார்கள்.

என் வீட்டில் புதிதாக எது வந்தாலும் முதலில் தனி ட்ரம்தான். 1.025 உப்படர்த்தியில் தண்ணீர், 25 டிகிரியில் ஹீட்டர், ஒரு பம்ப், மேலே மூடி. குன்னூர்க் குளிரில் ஹீட்டர் அணையவே அணையாது, கரண்ட் பில்லும் அவர் கணக்கில்தான் சேர வேண்டும். அழுகலில் கிளம்பி மீனைக் கொல்லும் அம்மோனியாவின் டெஸ்ட் அடர்பச்சைக்குப் போய், பல வாரம் தண்ணீர் மாற்றிய பிறகே பூஜ்யத்துக்கு இறங்கியது. 'நேராக எறக்கியிருந்தால்' என் க்ளவுன் மீன்கள் ஒரு நாள் தாங்கியிருக்காது.

பாறைத் துளைகளில் ஒளிந்திருந்த உயிர்கள் ட்ரம்மில் ஒவ்வொன்றாக வெளியே வர, படம் எடுத்து அனுப்பினேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "அது நல்லதுங்ணா, கிளீனப் க்ரூ." தொட்டியைச் சுத்தம் செய்யும் கூட்டம் என்று பொருள். பிரிஸ்டில் புழு விஷயத்தில் அவர் சொன்னது சரிதான், அதை மறைக்க மாட்டேன். பார்க்க அருவருப்பாக இருக்கும், வெறும் கையால் தொட்டால் முள் ஏறும். ஆனால் மிச்சம் மீதியைத் தின்று தீர்க்கும், விட்டுவிடலாம். நட்சத்திர மீனுக்கு உறவான குட்டி பிரிட்டில் ஸ்டாரும் அப்படியே.

ஆனால் களைபோல் பரவும் ஐப்டேசியா என்ற கடல் சாமந்திக்கும் (அனிமோன்) அதே மாதிரிதான் சொன்னார்: "பேபி அனிமோன், ஃப்ரீயா கெடச்சுதுன்னு வெச்சுக்கோங்க." கண்ணாடி போன்ற பழுப்புத் தண்டு, மெல்லிய கைகள், நிழல் பட்டால் சட்டென்று துளைக்குள் இழுத்துக்கொள்ளும். பக்கத்துப் பவளத்தைக் கொட்டும். இதை வெட்டவோ சுரண்டவோ கூடாது. பாதத்தில் சிறு துண்டு மிஞ்சினாலும் முழுதாக வளரும், ஒன்று பத்தாகும். பம்பை நிறுத்திவிட்டு, வெற்றிலைச் சுண்ணாம்பைப் போல் கெட்டியாகக் குழைத்த கால்சியம் ஹைட்ராக்சைடை ஊசியில்லா சிரிஞ்சால் அதன் வாயிலேயே வைக்க வேண்டும். ஒரே தடவையில் நிறைய வைத்தால் தண்ணீரின் காரத்தன்மை ஏறிவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக.

ராத்திரியில் 'டக், டக்' என்று சத்தம் வந்தது. பிஸ்டல் இறாலும் இப்படிச் சொடுக்கும், அதனால் பயமில்லை. ஆனால் ட்ரம்மில் இருந்த நத்தையின் ஓடு காலையில் நொறுங்கிக் கிடந்தது. அது மான்டிஸ் இறால் வேலை. சத்தம் வந்த பாறையை மட்டும் அதே சூட்டில் உள்ள உப்பில்லாத தண்ணீரில் சில நிமிடம் அமிழ்த்தினேன். தானாகவே வெளியே வந்து விழுந்தது. கையால் பிடிக்காதீர்கள், நகம் பிளந்துவிடும்.

இவ்வளவும் பொறுக்கலாம். பொறுக்க முடியாதது அவர் கடைசியாகச் சொன்ன யோசனை. "ரொம்ப தொந்தரவா இருந்தா குக்கர்ல போட்டு ரெண்டு விசில் விடுங்ணா, எல்லாம் செத்துரும்." அந்தப் பாறைகளில் ஒன்றில் பட்டன் பட்டனாக, பழுப்பாகச் சுருங்கிய ஜோவாந்திட் (பவளத்துக்கு உறவான மெல்லுடல் உயிர்) கூட்டம் இருந்தது. அந்த வகையில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கொதிக்கவைத்தால் அது அழியாது, ஆவியோடு காற்றில் ஏறும். மூச்சுத் திணறல், காய்ச்சல், கண் எரிச்சல், மோசமானால் இதயம் வரை பாதிக்கும். 2018-ல் இங்கிலாந்தில் ஒரு குடும்பமே, உதவிக்குப் போன தீயணைப்பு வீரர்களும் சேர்த்து, தொட்டிப் பவளத்திலிருந்து வந்த இந்த நஞ்சால் மருத்துவமனைக்குப் போனார்கள். இங்கே குளிருக்கு ஜன்னலையெல்லாம் அடைத்துக்கொண்டு சமைக்கிற வீடுகள். அந்த அடுப்படியில் அந்தக் குக்கரை நினைத்துப் பாருங்கள். பாறையைக் கொதிக்கவைக்காதீர்கள், வெந்நீர் ஊற்றாதீர்கள், காயவைத்து பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். தொடுவதற்குக் கையுறையும் கண்ணாடியும் வேண்டும்.

கோத்தகிரி நண்பர் கடைக்காரர் பேச்சை நம்பிப் பாறையை நேராக டேங்க்கில் இறக்கிவிட்டார். பவளமும் நத்தையும் ராத்திரியோடு ராத்திரியாகக் குறைந்தன. டார்ச் அடித்துப் பார்த்ததில் கரிய நகநுனியும் உடலெங்கும் ரோமமுமாக ஒரு நண்டு. ரோமமும் கருநுனியும் சேர்ந்திருந்தால் வெளியேற்றிவிடுவதே நல்லது. பெட் பாட்டிலை வெட்டிப் பொறி செய்யச் சொல்வார்கள், ஆனால் நம் மாவட்டத்தில்தான் தண்ணீர் பாட்டிலுக்குத் தடையாயிற்றே. பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் இறால் துண்டு போட்டுப் பாறையில் சாய்த்து வைத்தார். ஏறி உள்ளே விழுந்த நண்டுக்கு வழவழக் கண்ணாடியில் திரும்பி ஏறத் தெரியவில்லை. நண்டு போயிற்று, ஐப்டேசியா இன்னும் இருக்கிறது.

பணத்தைக் கேட்டால் "லைவ் ஐட்டத்துக்கு ரிட்டர்ன் இல்லீங்ணா" என்கிறார். செயற்கைப் பாறை எப்போது லைவ் ஐட்டம் ஆனது என்று கேட்டதற்கு நீல டிக் மட்டும் வந்தது. பாறைகளை வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து ஒப்படைத்துவிட்டேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்திருக்கிறேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. ஊட்டியில் உள்ள மாவட்ட ஆணையத்துக்கு மனு தயாராகிறது. இதே ஆளிடம் வாங்கியவர்கள் வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். பெட்டியைத் திறக்கும்போது எடுத்த வீடியோ, உடைந்த பக்கத்தின் கிட்டப் படம், ஜிபே ரசீது மூன்றும் இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், ஒன்றாகவே கொடுத்துவிடலாம்.