பூஞ்சைக்கு ஃபாகிங்: இரண்டு முறை அடித்துப் பார்த்த அனுபவம்

முதல் முறை ஃபாகிங், அதாவது மருந்தை மூடுபனி மாதிரி அறை முழுக்க அடிப்பது, முடிந்து ஐந்தே வாரத்தில் பூஞ்சை அதே இடத்தில் திரும்ப வந்துவிட்டது. இரண்டாவது முறை அடித்து எட்டு மாதம் ஆகிறது, சுவர் இன்னும் சுத்தமாக இருக்கிறது. இரண்டு தடவையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி மெஷின், ஒரே வகை மருந்துதான். நடுவில் என்ன மாறியது என்பதை யாராவது முதலிலேயே எங்களிடம் சொல்லியிருந்தால் அம்மா இரண்டு மாதம் இழைப்போடு கஷ்டப்பட்டிருக்க வேண்டாம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா படுக்கும் அறையில் ரொம்ப நாளாகவே ஒரு ஓத வாடை. துணி அலமாரியை நகர்த்திப் பார்த்தால் பின்சுவரில் தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை கறுப்பும் பச்சையுமாகப் பூத்திருக்கிறது, அலமாரியின் முதுகுப் பலகையிலும் ஏறியிருக்கிறது. பயந்துபோய் உடனே ஒரு ஃபாகிங் சேவையைக் கூப்பிட்டோம். இரண்டு பேர் வந்தார்கள், நல்ல மரியாதையாகப் பேசினார்கள், சொன்ன நேரத்துக்கு வந்தார்கள், முகக்கவசம் கண்ணாடி எல்லாம் போட்டுத்தான் வேலை செய்தார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. ஜன்னலை அடைத்து, எங்களை வெளியே அனுப்பி, ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த மருந்தை அடித்துவிட்டு, நான்கு மணி நேரம் கழித்து ஜன்னலைத் திறந்துவிட்டு உள்ளே போங்கள் என்றார்கள்.

உள்ளே போனதும் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அந்த வாடை சுத்தமாகப் போயிருந்தது. சுவரில் கறை மட்டும் அப்படியே இருந்தது. கேட்டதற்கு, பூஞ்சை செத்துவிட்டது, மேலே பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள், ஆறு மாதத்துக்குக் கவலையே வேண்டாம் என்றார்கள். அதை நம்பி நாங்களும் பெயின்ட் அடித்தோம். மூன்றாவது வாரம் பெயின்ட் உப்பியது, ஐந்தாவது வாரம் அதன் மேலேயே புள்ளி புள்ளியாகப் பூத்தது.

அதற்கப்புறம்தான் இது எப்படி வேலை செய்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். ஃபாகிங் என்றதும் கொசுவுக்கு அடிக்கும் புகைதான் நமக்கு ஞாபகம் வரும். அது மருந்தைச் சூடாக்கிப் புகையாக்குவது. வீட்டுக்குள் பூஞ்சைக்குப் பெரும்பாலும் அடிப்பது யூஎல்வி மெஷின் (கொஞ்சம் மருந்தை மிக நுண்ணிய துளிகளாகத் தெளிப்பது), அதில் சூடே கிடையாது, மருந்தைச் சுமார் 5 முதல் 50 மைக்ரான் அளவுள்ள துளிகளாக உடைத்துக் காற்றில் விடும். துளி அவ்வளவு சின்னது என்பதால் காற்றில் மிதந்து, துடைக்கும் துணியோ கையோ எட்டாத இடுக்குகளுக்குக்கூடப் போகும், அது நல்லதுதான். ஆனால் பூஞ்சைக் கொல்லி எதுவானாலும் மேற்பரப்பு குறிப்பிட்ட நிமிடங்கள் ஈரமாகவே இருந்தால்தான் வேலை செய்யும், அந்த நேரம் மருந்தின் லேபிளிலேயே போட்டிருக்கும், பத்து நிமிடம் கேட்கும் மருந்துகளும் உண்டு. மெல்லிய மூடுபனி அதற்கு முன்பே காய்ந்துபோகலாம். அப்புறம், பூஞ்சை சுவரின் மேலே மட்டும் இருக்கிற அழுக்கு இல்லை. பூச்சு, ஜிப்சம் பலகை, மரம் மாதிரி நீர் உறிஞ்சும் பொருளில் அதன் இழைகள் உள்ளே இறங்கியிருக்கும், மேலே படிகிற பனி அங்கே போகாது.

இன்னொன்று, செத்த பூஞ்சையும் ஒவ்வாமையைக் கிளப்பும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வழிகாட்டுதலிலேயே இது இருக்கிறது: கொன்றால் போதாது, அகற்றவும் வேண்டும். எங்கள் சுவரில் அத்தனையும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது, அம்மாவுக்கு இழைப்பு ஏன் குறையவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்தச் சேவை மீது எனக்கு இருக்கும் ஒரே பெரிய கோபம் இதுதான்: ஈரம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பூஞ்சையின் வித்துகள் வெளிக்காற்றிலேயே எப்போதும் இருக்கின்றன, ஜன்னலைத் திறந்தால் வந்துவிடும். ஈரம் இருந்தால் முளைக்கும், இல்லாவிட்டால் சும்மா கிடக்கும். ஈரத்தை விட்டுவிட்டு மருந்து அடிப்பதில் என்ன பிரயோஜனம்?

ஈரம் எங்கிருந்து என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் தாளைச் சதுரமாக வெட்டி நாலு பக்கமும் டேப் போட்டு சுவரில் காற்றுப் புகாமல் ஒட்டி ஒன்றிரண்டு நாள் விடுங்கள். தாளுக்கு உள்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது, வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. எங்களுக்கு உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. பிளம்பர் உடைத்துப் பார்த்ததில் குழாய் இணைப்பு ஒன்று கசிந்துகொண்டிருந்தது.

இணைப்பை மாற்றினோம். உப்பிய பெயின்ட்டையும் பொலபொலத்த பூச்சையும் சுரண்டி எடுத்தோம். சுரண்டும்போது வித்துகள் பறக்கும், அதனால் என்95 முகக்கவசம் போட்டு, அறைக்கதவை அடைத்து, சுவரை லேசாக நனைத்துக்கொண்டே செய்தோம், அம்மா அந்தப் பக்கமே வரவில்லை. அலமாரியின் முதுகுப் பலகையைக் கழற்றித் தூக்கிப் போட்டாயிற்று. மிச்சத்தைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்துத் துடைத்து, நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள வேக்குவம் போட்டு, மூன்று வாரம் ஃபேன் ஓடவிட்டுக் காயவைத்தோம். அதற்குப் பிறகுதான் ஒரு யூஎல்வி மெஷினை வாடகைக்கு எடுத்து நாங்களே அடித்தோம். மீன் தொட்டியை வேறு அறைக்கு மாற்றினோம், படுக்கை, துணி எல்லாம் வெளியே, புகை அலாரத்தை மூடிவைத்து முடிந்ததும் மறக்காமல் திறந்தோம். மருந்து எதுவானாலும் லேபிளில் ஃபாகிங்குக்கு ஏற்றது என்று இருக்க வேண்டும். ப்ளீச்சை மெஷினில் ஊற்றுகிற வேலையே வேண்டாம், அதுவும் வினிகரோடோ அம்மோனியாவோடோ கலந்தால் நச்சு வாயு வரும்.

இந்த இரண்டாவது ஃபாகிங்கால் என்ன கிடைத்தது என்று கேட்டால், அலமாரிக்குள்ளும் கட்டிலுக்கு அடியிலும் மிச்சம் இருந்த வாடை போனது, அறை முழுக்க ஒரு கடைசித் துடைப்பு மாதிரி ஆயிற்று. பெரிய வேலை எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருந்தது. அதற்காக ஃபாகிங் வேஸ்ட் என்று சொல்ல மாட்டேன், வெள்ளம் புகுந்து காயவைத்த வீடு, ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த அறை, இதற்கெல்லாம் சுத்தம் செய்தபின் அடித்தால் பலன் இருக்கும். கையகலப் பூஞ்சைக்கு இது தேவையே இல்லை, தேய்த்துக் கழுவிக் காயவைத்தாலே போதும்.

முதலில் வந்த சேவைக்கு நேரம் தவறாமைக்கும் பாதுகாப்புக்கும் ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம், பிரச்சினையைத் தீர்த்ததற்கு ஒன்று. நீங்கள் யாரைக் கூப்பிட்டாலும் சுவருக்குள் இருக்கும் ஈரத்தை அளக்கும் ஈரமானி வைத்துப் பார்ப்பீர்களா, பூஞ்சையை அகற்றுவீர்களா இல்லை மேலே அடித்துவிட்டுப் போவீர்களா என்று போனிலேயே கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

அறையில் இப்போது காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் சின்ன ஹைக்ரோமீட்டர் ஒன்று மாட்டியிருக்கிறோம், ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் அம்மாவே எழுந்து ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போட்டுவிடுகிறார். அலமாரியையும் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளித்தான் வைத்திருக்கிறோம், வாரம் ஒருமுறை டார்ச் அடித்துப் பின்னால் பார்த்துக்கொள்கிறேன்.