சந்தா கட்டிய ஐந்து வருடம்: மைதானப் பராமரிப்பாளர் சங்கத்தில் எனக்குக் கிடைத்தது

“உங்கள் உறுப்பினர் காலம் இந்த மாதத்துடன் முடிகிறது” என்று சங்கத்திலிருந்து ஐந்தாவது முறையாக மின்னஞ்சல் வந்திருக்கிறது. முந்தைய நான்கு முறையும் யோசிக்காமல் கட்டிவிட்டேன். இந்த முறை ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த ஐந்து வருடத்தில் சங்கத்தால் என் மைதானத்தில் மாறியது என்ன என்று எழுதிப் பார்த்தேன். தரையில் மாறியதை மட்டும்தான் கணக்கில் சேர்த்தேன். சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைச் சேர்க்கவில்லை.

ஒரு கல்வி நிறுவனத்தின் விளையாட்டு மைதானம் என் பொறுப்பு. ஒரு கால்பந்துத் திடல், அதையொட்டி நான்கு பிட்ச் உள்ள கிரிக்கெட் பகுதி, ஒரு பயிற்சித் திடல். என்னுடன் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். 16 வருட வேலையில் முதல் 11 வருடம் சங்கம் கிங்கம் எதுவும் இல்லாமல்தான் ஓடியது. புல் வெட்டுவது, தண்ணீர் விடுவது, கோடு போடுவது, யாராவது திட்டினால் கேட்டுக்கொள்வது. அவ்வளவுதான் தொழில் என்று நினைத்திருந்தேன்.

சங்கத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. குறைகளும் சொல்லப் போகிறேன், அவற்றில் பாதி எங்கள் கிளையின் குறைகள். மற்றபடி இந்த மாதிரிச் சங்கங்கள் புதியவை அல்ல. பிரிட்டனில் மைதானப் பணியாளர்கள் 1934ல் தொடங்கிய சங்கம்தான் இன்று கிரவுண்ட்ஸ் மேனேஜ்மென்ட் அசோசியேஷன். அமெரிக்காவில் 1981ல் தொடங்கியதற்கு ஸ்போர்ட்ஸ் டர்ஃப் மேனேஜர்ஸ் அசோசியேஷன் என்று பெயர். அதில் இப்போது ‘டர்ஃப்’ போய் ‘ஃபீல்டு’ வந்துவிட்டது. இந்த மாற்றம் எனக்குப் பிடித்தது. செயற்கைத் திடலைப் பார்த்துக்கொள்பவரும், பேஸ்பால் களத்தின் களிமண்ணோடு மல்லுக்கட்டுபவரும் எங்கள் ஜாதிதானே, புல் இல்லாவிட்டால் என்ன?

எங்கள் சங்கத்தில் தருவது வழக்கமான பொருள்கள்தான். உறுப்பினர் அட்டை, பத்திரிகை, இணையவழி வகுப்புகள், வருடத்துக்கு ஒரு பெரிய மாநாடு, சான்றிதழ் தேர்வு, அப்புறம் கிளை நடத்தும் களப் பயிற்சி நாள். விளம்பரத்தில் களப் பயிற்சி நாள் கடைசி வரியில் இருக்கும். என் நோட்டில் அதுதான் முதல் வரி.

காரணத்தைச் சொல்கிறேன். எங்கள் கால்பந்துத் திடலின் கிழக்குக் கோல் பக்கம் மழை பெய்தால் தண்ணீர் நின்றுவிடும். காலையில் ஒரு மணி நேரம் மழை பெய்தால் மாலை ஆட்டம் ரத்து. பள்ளம் இருக்கிறது என்று நினைத்து, ஒவ்வொரு வருடமும் ஆட்டங்கள் முடிந்த பிறகு சலித்த செம்மண்ணைப் பரப்பி மட்டம் பண்ணினேன். மாவு மாதிரி மிருதுவான மண். இலவசமாகக் கிடைத்தது, பார்க்கவும் அழகாக இருந்தது. ஆறு வருடம் இப்படிச் செய்தேன். ஆறு வருடமும் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக நின்றது. நானும் கொஞ்சம் கூடுதலாக மண் போட்டேன்.

சேர்ந்த முதல் வருடம் நடந்த களப் பயிற்சி நாளில், ஓய்வு பெறப் போகும் ஒரு மூத்த உறுப்பினர் மண் எடுக்கும் இரும்புக் குழாயைத் தரையில் குத்தி, ஒரு உருளை மண்ணை வெளியே எடுத்துக் காட்டினார். மேலே புல், அதன் கீழே ஒரு விரல் அகலத்துக்கு வேறு நிறத்தில் ஒரு பட்டை, அதன் கீழே மணல். வேர் அந்தப் பட்டை வரை வந்து பக்கவாட்டில் திரும்பியிருந்தது. “இது எப்படி வந்துச்சு?” என்று கேட்டார். யாரும் பேசவில்லை. எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்கியது.

அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். மிருதுவான மண்ணில் துளைகள் மிகச் சிறியவை, அவை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கீழே இருக்கும் மணலின் துளைகள் பெரியவை. பெரிய துளைக்குள் தண்ணீர் சுலபமாக இறங்கிவிடும் என்றுதான் நாம் நினைப்போம். நடப்பது தலைகீழ். மேல் அடுக்கு முழுக்க நனைந்து ஊறி, இனிமேல் தாங்காது என்ற நிலைக்கு வரும் வரை ஒரு சொட்டும் கீழே போகாது. கோல்ஃப் திடலில் குழியைச் சுற்றியிருக்கும் ‘கிரீன்’ புல்தரைக்கு அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960ல் வெளியிட்ட கட்டுமான முறை இதே குணத்தை வேண்டுமென்றே பயன்படுத்துகிறது. 30 சென்டிமீட்டர் மணல் கலவை, அதன் கீழே 10 சென்டிமீட்டர் சரளைக்கல். மணலில் சாதாரணமாகத் தண்ணீர் நிற்காது. கீழே சரளை இருப்பதால் மணலின் அடிப்பகுதியில் வேருக்கு வேண்டிய ஈரம் தங்கும், மிஞ்சியது வடிந்துவிடும். பின்னால் பெரிய விளையாட்டு அரங்குகளும் இதைப் பின்பற்றின. அவர்கள் ஒரு அடி ஆழத்தில் திட்டம் போட்டுச் செய்ததை நான் முக்கால் அங்குல ஆழத்தில் தெரியாமல் செய்திருக்கிறேன்.

கூட்டம் கலைந்ததும் அவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். சிரித்தார். “தம்பி, நானும் ஒரு திடலை இப்படித்தான் கெடுத்தேன். நாளைக்குப் பத்து இடத்துல குத்திப் பாருங்க. மேல மண்ணு போடுறதா இருந்தா கீழ இருக்குற மாதிரியேதான் போடணும்” என்றார். மறுநாள் குத்திப் பார்த்தேன். கோல் பக்கம் பட்டை 2 சென்டிமீட்டர் தடிமன் இருந்தது. உள்துளை ஊசிகள் பொருத்திய இயந்திரத்தால் ஓட்டை போட்டு, வெளியே வந்த மண் உருளைகளை அள்ளி அப்புறப்படுத்தி, ஓட்டைகளில் பொருத்தமான மணலை நிரப்பினோம். அள்ளாமல் அங்கேயே உடைத்துத் தேய்த்துவிட்டால் அதே செம்மண் திரும்ப உள்ளே போய்விடும். இரண்டு வருடத்தில் ஐந்து முறை செய்தோம். இப்போது அதே மழைக்கு மூன்று மணி நேரத்தில் காலில் சேறு ஒட்டாமல் நடக்கலாம். ஐந்து வருட சந்தா அந்த ஒரு குழாய் மண்ணிலேயே வசூலாகிவிட்டது என்று தாராளமாகச் சொல்வேன்.

களப் பயிற்சி நாளின் குறை, அது வருடத்துக்கு இரண்டு முறைதான் நடக்கிறது. ஒரு வருடம் நடக்கவே இல்லை. யார் ஒருங்கிணைப்பது என்று கிளைக்குள் இழுபறி.

இரண்டாவது வரி, கிளெக் ஹேமர். இது தரையின் கடினத்தை அளக்கும் கருவி. ஒரு குழாய்க்குள் 2.25 கிலோ எடையை 45 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டால், தரை எவ்வளவு வேகமாக அதைத் தடுத்து நிறுத்துகிறது என்பதை எண்ணாகக் காட்டும். பேடன் கிளெக் என்ற ஆஸ்திரேலியர் 1970களில் சாலை அடித்தளத்தைச் சோதிக்க உருவாக்கியது. சாலைக்குச் செய்ததை மைதானத்துக்குக் கொண்டுவர வேண்டியிருந்ததே, அதிலேயே நம் தரைகளின் லட்சணம் தெரிகிறது. அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல் திடல்களில் இந்த எண் 100க்குக் கீழே இருக்க வேண்டும். கருவியைச் சொந்தமாக வாங்கும் வசதி எங்களுக்கு இல்லை. கிளையிடம் ஒன்று இருக்கிறது, உறுப்பினர்கள் ஒரு வாரத்துக்கு வாங்கிக்கொள்ளலாம். இப்படி ஒரு வசதி இருப்பது எனக்கு மூன்றாவது வருடம்தான் தெரியும், அதுவும் தற்செயலாக. சங்கத்தின் பக்கத்தில் தேடினால் கிடைக்காது.

அளந்தபோது திடலின் நடுவில் 74 காட்டியது. கோல் முன்னால் 118. இத்தனை வருடமாகக் குதிகாலால் மிதித்துப் பார்த்து “பரவாயில்லை” என்று சொல்லிக்கொண்டிருந்த இடம் அது. கோல்கீப்பர் பையன்கள் விழுந்து எழும் இடமும் அதுதான். ஆழமாக ஓட்டை போட்டு, அந்தப் பகுதிக்குத் தனியாக ஈரம் வைத்து, பயிற்சிக் கோல் கம்பங்களை வாரம் ஒரு தடவை இடம் மாற்ற வைத்த பிறகு 91க்கு வந்தது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று நடந்தது. ஆழமாக ஓட்டை போடும் அந்த இயந்திரத்தை வாடகைக்கு எடுக்க அனுமதி கேட்டு நான்கு வருடம் கெஞ்சியிருக்கிறேன், நடக்கவில்லை. இந்த எண்களை ஒரே தாளில் போட்டு நிர்வாகத்திடம் கொடுத்தேன். ஒரே வாரத்தில் கையெழுத்து வந்தது.

சரி, இணையவழி வகுப்புகளுக்கு வருவோம். தொடர் கல்வி என்று சங்கம் பெருமையாகச் சொல்வது இதைத்தான். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு புள்ளி. புள்ளிகள் சேர்ந்தால்தான் சான்றிதழைப் புதுப்பிக்க முடியும். கற்றாயா என்று யாரும் கேட்பதில்லை, உட்கார்ந்தாயா என்றுதான் கேட்கிறார்கள். “புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டாதீர்கள்” என்ற உபதேசத்தை ஏழு வகுப்பில் கேட்டுவிட்டேன். உபதேசம் சரிதான். ஏழாவது தடவைக்கும் புள்ளி கொடுத்தார்கள், நானும் வாங்கிக்கொண்டேன்.

இன்னொரு குறை கொஞ்சம் ஆபத்தானது. எந்தப் புல்லைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தலைப்பில் போடுவதில்லை. ரை புல், கென்டக்கி புளூகிராஸ் போன்றவை குளிர்காலப் புற்கள், அவற்றுக்கு இலையுதிர் காலத்தில் கொடுக்கும் உரம்தான் முக்கியம். பெர்முடா என்பது நம் அருகம்புல் இனம். அது வெயில் காலத்தில் தின்று வளரும், குளிரில் தூங்கும். தூங்கப் போகிறவனுக்கு விருந்து வைக்கக் கூடாது. உர அட்டவணை பற்றிய ஒரு வகுப்பில் நாற்பது நிமிடம் குறிப்பெடுத்த பிறகுதான், பேசுபவரின் நாட்டில் அருகம்புல்லே விளையாட்டுத் திடலில் கிடையாது என்று புரிந்தது. புதிதாகச் சேர்ந்தவர் அப்படியே போய்ச் செய்தால் அவர் கதி என்ன?

சான்றிதழ் தேர்வு பற்றிச் சுருக்கமாக. அமெரிக்கச் சங்கத்தின் தேர்வில் புல்லும் மண்ணும், பூச்சி நோய்க் கட்டுப்பாடு, நிர்வாகம், விளையாட்டுக்கேற்ற களப் பராமரிப்பு என்று நான்கு பகுதிகள். எங்கள் தேர்வும் ஏறக்குறைய அதே அச்சுதான். முதல் முறை நான் தோற்றது நிர்வாகத்தில். புல் காப்பாற்றியது, பட்ஜெட் கவிழ்த்தது. படிக்கும்போது கோபம் வந்தாலும், அந்தப் பகுதியைப் படித்த பிறகுதான் இயந்திரங்களின் தேய்மானத்தை எழுதி வைக்கும் பழக்கம் வந்தது. சம்பளம் உயர்ந்ததா என்று கேட்காதீர்கள். புள்ளிக் கணக்கை வைத்திருக்கும் அலுவலகம் என் இரண்டு வருகைச் சான்றுகளைத் தொலைத்துவிட்டு, என்னிடமே ஆதாரம் கேட்டு நான்கு மாதம் இழுத்தடித்தது. எதை அனுப்பினாலும் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

மாநாட்டுக்கு ஒரு முறை போனேன். பாதி இடம் இயந்திரமும் உரமும் விற்பவர்களின் கடை விரிப்பு. அவர்களும் உறுப்பினர்கள்தான், தனி வகை உறுப்பினர்கள். அவர்கள் பணத்தில்தான் மாநாடு நடக்கிறது என்பதால் குறை சொல்லவும் கூசுகிறது. ஆனால் மேடையில் பேசுபவர் எந்த நிறுவனத்தின் ஆள் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் நல்லது. மூன்று நாளில் எனக்கு உருப்படியாகக் கிடைத்தது ஒரே ஒரு உரை, பூஞ்சைக்கொல்லி பற்றியது. மருந்தை மாற்றி மாற்றி அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பழகிவிடும் என்பது எனக்கு முன்பே தெரியும். அதனால் அசாக்ஸிஸ்ட்ரோபின் ஒரு முறை, பைராக்ளோஸ்ட்ரோபின் ஒரு முறை என்று ஒழுங்காக மாற்றித்தான் அடித்துவந்தேன். பேசியவர் டப்பாவில் இருக்கும் குழு எண்ணைப் பார்க்கச் சொன்னார். அறைக்கு வந்து போனில் இருந்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டிலும் 11. பெயர் வேறு, கம்பெனி வேறு, பூஞ்சையைத் தாக்கும் வழி ஒன்றே. மூன்று வருடமாக ஒரே மருந்தை இரண்டு சட்டை மாற்றி அடித்திருக்கிறேன்.

யார் சேரலாம்? தனியாளாக ஒரு மைதானத்தைக் கட்டிக்கொண்டு, கேட்க ஆளில்லாமல் இருப்பவர் கட்டாயம் சேரலாம். ஆனால் அருகில் கிளை இருக்கிறதா, கடைசியாக எப்போது களப் பயிற்சி நடத்தினார்கள் என்று விசாரித்துவிட்டுச் சேருங்கள். கிளை இல்லாத இடத்தில் பத்திரிகைக்கும் வகுப்புக்கும் மட்டும் சந்தா கட்டுவது வீண். நல்ல பல்கலைக்கழகங்களின் புல்தரைக் கையேடுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. முடிந்தால் சந்தாவை நிறுவனத்தைக் கட்ட வைக்கப் பாருங்கள். முதல் இரண்டு வருடம் நான் கைக்காசைப் போட்டேன், மூன்றாவது வருடம் கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். முதலிலேயே கேட்டிருக்கலாம்.

எனக்கு உண்மையான மனக்குறை ஒன்றுதான். உறுப்பினர் அட்டை ஒரு ஆளுக்கு. எங்கள் திடலில் புல் வெட்டுவதும் ரோலர் ஓட்டுவதும் என்னுடன் இருக்கும் இருவர். அவர்களுக்குக் களப் பயிற்சியில் இடமில்லை, பாடமும் முழுக்க ஆங்கிலத்தில். ஒவ்வொரு முறையும் நான் போய்க் கேட்டுவந்து, இயந்திரக் கொட்டகையில் வைத்துத் தமிழில் சொல்வேன். “அண்ணே, அந்தக் குழாயை நாங்களே குத்திப் பார்த்தா நல்லா இருக்கும்ல?” என்று அவர்களில் ஒருவர் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கூடுதல் ஆளுக்குப் பாதிச் சந்தாவில் அனுமதி தர முடியுமா என்று புதுப்பிக்கும் படிவத்தின் கருத்துக் கட்டத்தில் எழுதினேன். கிளைச் செயலாளரையும் கூப்பிட்டுச் சொன்னேன். அடுத்த களப் பயிற்சிக்கு ஒருவரை விருந்தினராகக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார், எழுத்தில் எதுவும் தரவில்லை.

சந்தா கட்டிவிட்டேன். வகுப்பு அறிவிப்பு மின்னஞ்சல்களை மட்டும் தனி ஃபோல்டருக்குத் திருப்பி வைத்திருக்கிறேன்.