உதைக்கிற பெட்டைக் குதிரை: கட்டிப்போடுவதா, காத்திருப்பதா, சினை ஊசியா?

பொலிகுதிரை பக்கத்தில் வந்ததுமே காதைப் பின்னால் மடக்கி, கிறீச்சிட்டு, பின்னங்கால் இரண்டையும் வீசுகிற பெட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்தியூர் சந்தையில் மார்வாரி இனமோ கத்தியவாரி இனமோ வாங்கிவந்து குட்டி எடுக்க ஆசைப்படுகிற பலரும் இங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஆளுக்கொரு வழி சொல்வார்கள்: கட்டிப்போட்டுச் சேர்த்துவிடு, பருவம் வரும்வரை பொறு, இரண்டையும் வேலிக்குள் அவிழ்த்துவிடு, சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டுவிடு.

இதில் எதைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னாலும் மாட்டுக் கணக்கை மறக்க வேண்டும். பசு சூட்டில் இருப்பது ஒரு நாளைக்கும் குறைவு. குதிரைக்கும் சுற்று ஏறக்குறைய 21 நாள்தான், ஆனால் பருவம் 5 முதல் 7 நாள் வரை நீள்கிறது. கருமுட்டை வெளியாவது பெரும்பாலும் அந்தப் பருவத்தின் கடைசி ஒன்றிரண்டு நாளில். மீதி இரண்டு வாரமும் எந்தப் பொலிகுதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அது உதைக்கத்தான் செய்யும். அது முரட்டுக் குணமில்லை, உடம்பு அப்போது தயாராக இல்லை, அவ்வளவுதான். சந்தையில் வாங்கிய பெட்டை ஏற்கெனவே சினையாக இருக்கவும் வாய்ப்புண்டு. அதையும் முதலிலேயே ஸ்கேனில் பார்த்துவிட வேண்டும்.

கட்டிப்போடுகிற வழிக்குப் பழக்கம் அதிகம். மேலுதட்டைக் கயிற்றுச் சுருக்கில் முறுக்கிப் பிடிப்பார்கள், பின்னங்கால்களைக் கயிறு போட்டுக் கழுத்தோடு இணைப்பார்கள். உதட்டுப் பிடி சில நிமிடம் வேலை செய்யும். நீடித்தால் குதிரை எதிர்க்க ஆரம்பிக்கும். கால் கயிற்றில் பொலிகுதிரையின் முன்னங்கால் சிக்கினால் இரண்டுக்கும் ஆபத்து, அதனால் ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சு இல்லாமல் அதைத் தொடவே கூடாது. மயக்க ஊசி போட்டால் பயமில்லை என்பதை நம்பாதீர்கள். தலை தொங்கி அசையாமல் நிற்கிற குதிரையும் சட்டென்று உதைக்கும். பருவத்தில்தான் இருக்கிறது என்று உறுதியான பிறகும் பதற்றப்படுகிற கன்னிக் குதிரைக்கு இந்தக் கட்டுகள் பாதுகாப்புக்காக உதவலாம். பருவமே இல்லாததைக் கட்டிச் சேர்த்தால் சினை பிடிக்காது, அடுத்த தடவை பொலிகுதிரையைக் கண்டாலே மிரளும்.

காத்திருக்கிற வழிக்கு வேண்டியது நெஞ்சு உயரத்துக்கு ஒரு உறுதியான பலகைத் தடுப்பும் பொறுமையும். தடுப்புக்கு அந்தப் பக்கம் பொலிகுதிரை, இந்தப் பக்கம் பெட்டை, ஒருநாள் விட்டு ஒருநாள் சில நிமிடம் முகர விடுங்கள். பருவத்துக்கு வந்தது வாலைத் தூக்கி ஒதுக்கும், பின்கால்களை அகட்டிக் கொஞ்சம் உட்காருவதுபோல் தாழ்ந்து சிறுநீர் விடும், பிறப்புறுப்பின் உதடுகள் திறந்து திறந்து மூடும். அன்றைக்கு அதை விலக்கிக் கூட்டிப்போவதுதான் கஷ்டமாக இருக்கும்! குட்டி போட்ட குதிரைகளில் சில, பருவம் இருந்தும் குட்டியைக் காக்கிற வேகத்தில் ஆணை விரட்டும். சில குட்டி கண்ணெதிரே இருந்தால் அடங்கும், சில குட்டி மறைந்தால்தான் அடங்கும். இரண்டையும் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். வெளியே அறிகுறியே காட்டாமல் உள்ளே கருமுட்டை வளர்கிறவையும் உண்டு. அங்கே ஸ்கேன்தான் கண். கருமுட்டை வளர்கிற பை (ஃபாலிக்கிள்) 35 மில்லிமீட்டரைத் தாண்டினால் நேரம் நெருங்கிவிட்டது.

பருவத்தை முன்னுக்குக் கொண்டுவர மருத்துவர் புரோஸ்டாகிளாண்டின் என்கிற ஹார்மோன் ஊசி போடலாம். கருமுட்டை வெளியாகி 5 நாளாவது கடந்திருந்தால்தான் அது பலிக்கும். போட்டதும் குதிரை வியர்த்து, வயிற்றுவலி வந்ததுபோல் தவிக்கும், கொஞ்ச நேரத்தில் சரியாகும். சினையாக இருந்தால் கலைந்துவிடும்.

அவிழ்த்துவிடுகிற வழி இயற்கைக்கு நெருக்கமானது. பெட்டை தானாகவே ஆணைத் தேடிப் போவதும் விலகுவதுமாக மணிக்கணக்கில் போகும், கையில் பிடித்துச் சேர்க்கும்போது அதற்கெல்லாம் இடமில்லை. ஆனால் விலகி ஓட இடம் வேண்டும். நாலு சென்ட் வேலிக்குள் விட்டால் அது அடிதடிதான். பின்கால் லாடத்தைக் கழற்றியாக வேண்டும், எந்தத் தேதியில் சேர்ந்தது என்பதும் தெரியாது. விலை உயர்ந்த பொலிகுதிரை வைத்திருப்பவர் இதற்குச் சம்மதிக்கவும் மாட்டார்.

சினை ஊசியில் உதை, பால்வினை நோய் இரண்டின் பயமும் குறைவு. ஆனால் பருவத்தைத் தாண்டிக்கொண்டு போகிற குறுக்கு வழி அது இல்லை. புதிய விந்து உள்ளே இரண்டு நாளாவது உயிரோடிருக்கும். 5 டிகிரியில் குளிர்வித்து அனுப்புவதற்கும் ஓரளவு தாராளம் உண்டு. மைனஸ் 196 டிகிரியில் உறைய வைத்ததற்கோ கருமுட்டை வெளியாகிற நேரத்தை ஒட்டி, சில மணி நேரத்துக்குள் போட வேண்டும், ராத்திரியிலும் ஸ்கேன் பார்க்க ஆள் வேண்டும். மார்வாரிக்கு தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்தின் பிகானேர் வளாகத்தில் இந்த வேலை நடக்கிறது. பந்தயக் குதிரை இனமான தரோபிரெட்டுக்கு இந்தக் கதவே மூடியது, நேரடிச் சேர்க்கையில் பிறந்த குட்டிக்கு மட்டும்தான் பதிவு.

ஒன்றிரண்டு பெட்டை வைத்திருப்பவர் என்னைக் கேட்டால், தடுப்புப் பலகையும் ஸ்கேன் பார்க்கிற மருத்துவரும் முதலில், அதற்குப் பிறகு கையில் பிடித்துச் சேர்ப்பதோ புதிய விந்தில் ஊசியோ என்பேன். இரண்டு மூன்று சுற்று கடந்தும் பருவமே காட்டாமல், மற்ற பெட்டைகளின் மேல் ஆண் குதிரைபோல் ஏறுகிற குதிரை என்றால் விஷயம் வேறு. சினைப்பைக் கட்டியாக இருக்கலாம். அதை அறுவை செய்து எடுத்தால், இன்னொரு சினைப்பை வேலைக்குத் திரும்பச் சில மாதங்கள் பிடிக்கும்.