தாய்ப்பூனையைக் காட்டாதவரிடம் பெர்சியன் குட்டி வாங்காதீர்கள்

சென்னையில் பெர்சியன் பூனைக்குட்டி தேடுகிறவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். ஆன்லைன் விளம்பரம் பார்த்து நாங்கள் வாங்கிய குட்டியால் வீட்டில் எல்லோருக்கும் படர்தாமரை. குட்டி பிழைத்ததே பெரிய விஷயம்.

'பஞ்ச் ஃபேஸ், ட்ரிப்பிள் கோட், இரண்டரை மாதம், தடுப்பூசி போட்டாச்சு' என்று விளம்பரம். (பஞ்ச் ஃபேஸ் என்றால் மூக்கு அமுங்கிய தட்டை முகம், ட்ரிப்பிள் கோட் என்றால் மூன்று அடுக்கு முடி. பெர்சியனுக்கு முடி இரண்டு அடுக்குதான். மூன்றாவது அடுக்கு விளம்பரத்தில் மட்டும் முளைக்கும்.) வீட்டுக்கு வந்து தாயைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "வீட்ல பெரியவங்க இருக்காங்க சார், நானே கொண்டாந்து தர்றேன்" என்றார். மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் அட்டைப்பெட்டியோடு வந்தவர், பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, வண்டியைக்கூட ஆஃப் பண்ணாமல் கிளம்பிவிட்டார்.

குட்டியைக் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் முதலில் அதன் வாயைத் திறந்து பார்த்தார். கடைவாய்ப் பால்பற்கள் முழுசாக வரவில்லை. கண்ணில் பிறந்த குட்டிக்குரிய நீலம் மாறவில்லை. "ஆறு வாரம்கூட ஆகியிருக்காது" என்றார். 2018-இல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி 8 வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. பொறுப்பான ப்ரீடர்கள் (பூனைகளை இனப்பெருக்கம் செய்து விற்பவர்கள்) 12 வாரம் வரை தாயோடு விடுகிறார்கள். தடுப்பூசி அட்டை இன்னும் வேடிக்கை. முதல் ஊசியே 6 முதல் 8 வாரத்தில்தான் போடுவார்கள். இதிலோ இரண்டு ஊசி! மருந்துப் புட்டியிலிருந்து உரித்து ஒட்டும் ஸ்டிக்கர் இல்லை, பேட்ச் எண் இல்லை, டாக்டரின் பதிவு எண் இல்லை. வெறும் கிறுக்கல் கையெழுத்து.

காதோரம் முடி கொட்டியிருந்தது. அறை விளக்கை அணைத்துவிட்டு டாக்டர் புற ஊதா விளக்கை அடித்தார். அங்கங்கே முடி இளம்பச்சையாக ஒளிர்ந்தது. படர்தாமரைதான். நீளமுடிப் பூனைகளுக்குச் சுலபமாக வரும் பூஞ்சை, மனிதருக்கும் ஒட்டும். அப்புறம் மாதக்கணக்கில் மருந்துக் குளியல், மாத்திரை, தரையெல்லாம் ப்ளீச். நடுவில் வயிற்றுப்போக்கு வேறு. பூனைக்குட்டிகளைக் கொல்லும் வைரஸ் நோயான பான்லூக்கோபீனியாவாக இருக்குமோ என்று பயந்தோம். டெஸ்டில் குடற்புழு என்று வந்தது. விற்றவரைக் கூப்பிட்டால், "உங்க வீட்டுக்கு வந்தப்புறம் வந்திருக்கும் சார்" என்று சொல்லி பிளாக் செய்துவிட்டார்.

பின்னால் வேறொரு ப்ரீடரிடம் பேசினேன். நான் கேட்குமுன்பே பெற்றோர் பூனைகளின் பிகேடி டிஎன்ஏ ரிப்போர்ட்டை அனுப்பினார். பிகேடி என்பது சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் பரம்பரை நோய். பெர்சியனில் அதிகம், பெற்றோரில் ஒன்றுக்கு இருந்தாலே குட்டிக்கு வரப் பாதி வாய்ப்பு. பால்கனிக்கு வலை போட்டிருக்கிறீர்களா, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்று என்னையே குறுக்கு விசாரணை செய்தார். விலை கூடத்தான். எங்கள் மருத்துவச் செலவைச் சேர்த்துப் பார்த்தால் அவரிடம் வாங்கியிருந்தால் லாபம்.

இன்னொன்று: 'தாய்' என்று அனுப்பும் படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். எனக்கு வந்த படம் ஒரு ரஷ்ய கேட்டரியின் (பூனை வளர்ப்பு நிலையத்தின்) இணையப் பக்கத்தில் இருந்தது.