வேலூரில் அரசுத் தொடக்கப் பள்ளிகள்: சேர்த்துச் சில ஆண்டு ஆனபின் தெரிகிற வித்தியாசங்கள்

பள்ளி தேடும்போது கண்ணில் படுவது கட்டடமும் சுவர் ஓவியமும் ஸ்மார்ட் வகுப்பறையும்தான். பிள்ளை மூன்றாம் வகுப்பைத் தாண்டும்போது, ஐந்து வகுப்புக்கு எத்தனை ஆசிரியர் என்பதுதான் பள்ளிக்குப் பள்ளி பெரிய வித்தியாசமாக நிற்கிறது.

கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூவர், 91 முதல் 120 வரை நால்வர். ஈராசிரியர் பள்ளியில் அந்த இருவரில் ஒருவர் தலைமையாசிரியர். வகுப்பும் அவரே எடுக்க வேண்டும். எமிஸ் (பள்ளி விவரங்களை ஏற்றும் கல்வித் துறை இணையதளம்) பதிவு, வட்டாரக் கல்வி அலுவலகக் கூட்டம் எல்லாம் அவர் தலையில்தான். அவர் வெளியே போகும் நாளில் ஐந்து வகுப்பும் ஒருவர் கையில். மாதத்தில் அப்படி எத்தனை நாள் என்பதை, அங்கே ஏற்கெனவே படிக்கும் பிள்ளையின் அம்மாவிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.

இந்த எண்ணிக்கையும் நிலையானதல்ல. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்தே பணியிடம் நிர்ணயிக்கிறார்கள். 64 பேர் இருந்த பள்ளி 58 ஆகிவிட்டால் மூன்றாவது பணியிடம் உபரி. பணிநிரவலில், அதாவது உபரி ஆசிரியர்களைத் தேவையுள்ள பள்ளிகளுக்கு மாற்றும்போது, அவர் வேறு பள்ளிக்குப் போகலாம். ஆகவே ஜூனில் இரண்டு எண் கேளுங்கள்: ஐந்தாம் வகுப்பு முடித்து வெளியேறியவர் எத்தனை, ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர் எத்தனை. இரண்டாவது எண் தொடர்ந்து குறைவாக இருந்தால், இன்றுள்ள ஆசிரியர் எண்ணிக்கையை நம்பிச் சேர்க்க வேண்டாம்.

அதற்காகச் சிறிய பள்ளி என்றாலே ஒதுக்கிவிடவும் கூடாது. 2022-23ல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறது. கலந்து உட்கார்ந்தாலும் ஒரு நல்ல ஆசிரியர் 25 பிள்ளைகளை இந்த முறையில் அழகாகக் கொண்டுபோக முடியும். நெருக்கடி நான்கு, ஐந்தில்தான் தெரியும்: பின்னக் கணக்கு, நீளமான பாடப்பகுதி, ஆங்கில வாக்கியம். சோதிக்க எளிய வழி பயிற்சி நூல். பருவம் பாதி கடந்தபின் மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் பயிற்சி நூலைப் புரட்டுங்கள். வெற்றுப் பக்கங்கள் எத்தனை, ஆசிரியர் திருத்திய குறி இருக்கிறதா, எல்லாப் பிள்ளைகளும் பலகையைப் பார்த்து ஒரே விடையை எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். தேர்வு மதிப்பெண்ணைவிட அது உண்மை சொல்லும்.

ஆங்கில வழி என்ற பலகைக்கு மயங்க வேண்டாம். ஆசிரியர் குறைந்த பள்ளியில் தமிழ் வழி, ஆங்கில வழிப் பிள்ளைகள் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம் உட்காருகிறார்கள். புத்தகம் மட்டும் வேறு. தனிப் பிரிவுக்குத் தனி ஆசிரியர் இருக்கிறாரா என்பதே கேள்வி. உருது வழியில் சேர்ப்பவர்கள் ஆறாம் வகுப்பில் அதே வழி அருகில் கிடைக்குமா என்பதை முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

காலை உணவு, மதியச் சத்துணவு, முட்டை எல்லாப் பள்ளியிலும் ஒன்றுதான்; நேரம் மட்டும் மாறும். காலை உணவு அங்கேயே சமைப்பதா, வேறிடத்திலிருந்து வண்டியில் வருவதா என்று கேளுங்கள். வண்டி தாமதமானால் முதல் பாடவேளை பாதிக்கும். கழிப்பறையைக் காலையில் பார்த்துப் பயனில்லை. மதியம் இரண்டு மணிக்குத் தண்ணீர் வருகிறதா பாருங்கள். கூரை தகரமா, கான்கிரீட்டா என்பதும் வேலூர் வெயிலில் சின்ன விஷயமில்லை.

தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்காமல், கடக்க வேண்டிய சாலையை வைத்து அளந்து பாருங்கள். சத்துவாச்சாரியில் தேசிய நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டிய அரை கிலோமீட்டரைவிட, ஒரே பக்கத்தில் உள்ள ஒரு கிலோமீட்டர் மேல். காட்பாடிப் பக்கத்தவர் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும் பள்ளியைச் சின்னப் பிள்ளைக்குத் தேர்ந்தெடுக்காமல் இருப்பது நல்லது.

தொடக்கப் பள்ளியா, நடுநிலைப் பள்ளியா என்று கேட்டால், மற்றவை சமமாக இருக்கும்போது எட்டாம் வகுப்பு வரை உள்ள நடுநிலைதான் என் தேர்வு. ஆசிரியர் அதிகம், ஒருவர் விடுப்பு எடுத்தால் வகுப்பு அனாதையாகாது, ஆறாம் வகுப்புக்கு அலைய வேண்டாம். ஆனால் அரசு உதவிபெறும் நடுநிலைப் பள்ளி என்றால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மருத்துவம் உள்ளிட்ட படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு. மாநகராட்சிப் பள்ளியும் இதில் சேரும். உதவிபெறும் பள்ளி சேராது. ஐந்தாம் வகுப்பு வரை அங்கே படிப்பதால் இழப்பில்லை. மாற்றுவதானால் ஐந்து முடிந்ததும் மாற்றிவிட வேண்டும். எட்டு முடித்து மாறினால் அந்த வாய்ப்பு திரும்ப வராது. மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்று சேர்க்கையைத் தள்ளிப்போடச் சட்டத்தில் இடமில்லை, ஆகவே ஜூன் முதல் வாரத்திலேயே புதிய பள்ளியில் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடலாம்.