இரண்டு மொழியில் மீம்ஸ் போட பிக்ஸல்லேப்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்தின் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மீம்ஸ் போடுகிறவர்களுக்கு ஒரு மொழி போதாது. வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளம். பார்க்கிற கூட்டமும் அப்படித்தான். அதனால் ஒரு எடிட்டிங் ஆப்பில் நான் முதலில் பார்ப்பது, வெளியிலிருந்து ஃபான்ட் ஏற்ற முடிகிறதா என்பதைத்தான். பிக்ஸல்லேப் எனக்குப் பிடித்துப்போனது இதனால்தான்.

ஃபான்ட் ஃபைல்களை ஒரு ஃபோல்டரில் போட்டு, 'மை ஃபான்ட்ஸ்' பகுதியில் அதைக் காட்டினால் சரி. தமிழுக்குப் பலூ தம்பி, மலையாளத்துக்குப் பலூ சேட்டன் வைத்திருக்கிறேன். இரண்டும் ஏக் டைப் என்ற எழுத்துரு வடிவமைப்பு நிறுவனம் உருவாக்கிய ஒரே குடும்பம், கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். தடிமன் ஒத்துப்போவதால் மேலும் கீழும் வைத்தால் ஒரே கை எழுதியது போலிருக்கும்.

ஆழியாறு தண்ணீருக்காகப் போட்ட மீமையே சொல்கிறேன். தமிழ்நாடும் கேரளமும் போட்ட பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி, எல்லையிலுள்ள மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி வர வேண்டும். கோடையில் எங்கள் பக்கத்து மூலத்தரைத் தடுப்பணையைப் பார்த்துக் காத்திருக்கும் விவசாயியாக மேலே வடிவேலுவின் நேசமணி, கீழே மலையாள நகைச்சுவை நடிகர் ஜெகதி. 1999 மலையாள 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் ஜெகதி செய்த வேடத்தைத்தான் 2001-இல் தமிழில் வடிவேலு செய்தார். இரண்டுக்கும் இயக்குநர் சித்திக். எங்கள் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடையாது! ஓரத்தில் கறுப்பு ஸ்ட்ரோக் (கோடு) கொடுத்த வெள்ளை எழுத்து, வெயிலடிக்கும் படத்தின் மேலும் பளிச்சென்று நின்றது. புராஜெக்டாகச் சேமித்து வைத்தால் பின்னாடி வாசகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

பேர் போடும் வசதியும் முக்கியம். ஒரு பெரிய பேஜ் எங்கள் மீமை எடுத்து, ஓரத்தில் இருந்த பேரை வெட்டிவிட்டுப் போட்டது. ராத்திரி உட்கார்ந்து யோசித்தவனுக்கு அது வலிக்கும். இப்போது ஒபாசிட்டியைக் குறைத்து (எழுத்தை மங்கலாக்கி), வெட்ட முடியாதபடி படத்தின் நடுவிலேயே பேரை வைக்கிறேன்.

குறைகளும் உண்டு. ஒரே பெட்டியில் இரண்டு மொழியையும் அடித்தால் ஒன்று போனின் சாதா எழுத்தாகிவிடும். தனித்தனிப் பெட்டி போட வேண்டும். பத்திரிகை அடிக்கும் பிரஸ்ஸில் வாங்கிய பாமினி ஃபான்ட் யூனிகோட் அல்ல, போன் கீபோர்டில் அடிக்கும் தமிழ் அதில் வராது. விளம்பரத் தொல்லையும் இருக்கிறது. அப்புறம், இது படத்துக்கு மட்டும்தான். வீடியோ மீம்ஸ் செய்கிறவர்கள் வேறு ஆப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்துக்கு நாலு கொடுப்பேன்.